கேள்வி–பதில்: வேட்பாளராக விரும்புகிறவர் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்?

கட்சிக் கிளைகளின் ஆண்டுக் கூட்டங்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து, தேர்தலில் நிற்க விரும்புகிறவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயரையும் கட்சியையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: நான் கோலாலம்பூரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். வயது 38. ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். அடுத்த பொதுத் தேர்தலில் நாடாளுமன்ற வேட்பாளராக நிற்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. தொகுதியில் உள்ள உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டலாம் என்று நினைத்தால், "பதவி ஆசை பிடித்தவன்" என்ற பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. யாரிடம் முதலில் பேசுவது? எப்படிக் கேட்பது? — செந்தூல் வாசகர்

பதில்: ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "கட்சி கட்டளையிட்டால் நிற்பேன்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, இரவு பத்து மணிக்குத் தலைவரின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைவிட, விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறவரை உறுப்பினர்கள் மதிக்கவே செய்கிறார்கள்.

ஆதரவு கேட்கப் புறப்படுவதற்கு முன்னால், உள்ளூர் உறுப்பினரால் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பதில் உங்களுக்குத் தெளிவு வேண்டும். நம் நாட்டில் வேட்பாளரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தொகுதியிலிருந்து சில பெயர்கள் மேலே போகும்; மாநில அளவில் அவை சலிக்கப்படும்; மத்தியத் தலைமை பார்க்கும்; அதற்கும் மேலே, கூட்டணிக் கட்சிகள் உட்கார்ந்து எந்த இடம் யாருக்கு என்று பேசி முடிக்கும். கடைசியில் சின்னத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கடிதம் யார் கைக்கு வருகிறதோ அவர்தான் வேட்பாளர். அந்தக் கடிதம் உங்கள் கட்சியின் பெயரில்தான் வரும் என்பதற்கும் உறுதி இல்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) வேட்பாளர்கள் தங்கள் கூட்டணியான தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தில் நிற்பவர்கள். 2018-இல் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி பதிவு பெற்றிராத காரணத்தால், தீபகற்பத்தில் அதில் இருந்த ஜனநாயக செயல் கட்சியினரும் (ஜ.செ.க.) தங்கள் ராக்கெட் சின்னத்தை விட்டுவிட்டு, கூட்டணியின் இன்னொரு கட்சியான மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார்கள். 2023 ஆகஸ்டில் ஆறு மாநிலங்களுக்குத் தேர்தல் நடந்தபோது ம.இ.கா. ஓர் இடத்தில்கூடப் போட்டியிடவில்லை. அந்த மாநிலங்களில் ஆண்டுக்கணக்காக வீடு வீடாக நடந்த கட்சிக்காரர்கள் இருந்திருப்பார்கள். நிற்பதற்கு இடமே இல்லாதபோது உறுப்பினர் ஆதரவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

அப்படியானால் உறுப்பினரைப் போய்ப் பார்ப்பது எதற்கு என்று கேட்பீர்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் தொகுதித் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும் அந்த இரண்டு நிமிடங்களுக்காக. அப்போது அவர் வாயில் தானாக வரும் பெயர், கிளைத் தலைவர்கள் அவரிடம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பெயராகத்தான் இருக்கும். அதோடு, பரப்புரைக்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு: 2018-இல் வேட்புமனு நாளிலிருந்து வாக்களிப்பு நாள் வரை பதினொரு நாட்கள், 2022-இல் பதினான்கு நாட்கள். அதற்குள் கொடி கட்டுவதற்கும், ஒவ்வொரு வாக்களிப்பு அறையிலும் முகவரை உட்கார வைப்பதற்கும், வாக்கு எண்ணும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைக் கூலிக்குப் பிடிக்கலாம். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் கூலிக்கு வந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். மேலிருந்து இறக்கப்பட்ட பாராசூட் வேட்பாளருக்கு உள்ளூர்க் கட்சிக்காரர்கள் வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டுவதில்லை. தேர்தல் நடவடிக்கை அறைக்கு வருவார்கள், மீஹூன் சாப்பிடுவார்கள், சட்டை வாங்கிக்கொள்வார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் தட்ட வேண்டிய கதவு தொகுதித் தலைவருடையது. அந்தத் தொகுதியில் உங்கள் கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினரோ, சென்ற முறை நின்று தோற்றவரோ இருந்தால், அவருடைய கதவையும் அதே வாரத்தில் தட்டிவிடுங்கள். அவருக்கு உங்கள் மீது கோபம் வரலாம்; ஆனால் செய்தி உங்கள் வாயிலிருந்து போய்ச் சேர வேண்டும். "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்ற மனத்தாங்கல் நம்மிடையே இருபது ஆண்டுகளுக்கும் ஆறாது. நான் பதினேழு ஆண்டுகள் ஒரு கிளையின் செயலாளராக இருந்தவன். ஒருமுறை எங்கள் தொகுதியில் வேட்பாளராக விரும்பிய ஒரு இளைஞர், ஒரே நாளில் எல்லாக் கிளைப் பொறுப்பாளர்களையும் அழைத்து, ஒவ்வொருவரிடமும் "அண்ணே, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்" என்றார். நான் நான்காவது ஆள். அவர் என்னை அழைப்பதற்குள் மூன்றாவது ஆள் என்னை அழைத்துவிட்டார். அன்று மாலை தேநீர்க் கடையில் நாங்கள் ஏழு "முதல்" ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். நல்ல உழைப்பாளி அவர். அந்த ஒரு வாக்கியத்தால் போயிற்று.

அடுத்து உறுப்பினர்கள். கிளைப் பட்டியலை அப்படியே நம்பிப் புறப்படாதீர்கள். இறந்தவர், காப்பாருக்கோ ரவாங்குக்கோ வீடு மாற்றிக்கொண்டு போனவர், தன் பெயரில் யாரோ சந்தா கட்டுவதே தெரியாதவர் என்று பட்டியலில் எல்லா வகையினரும் இருப்பார்கள். நீங்களே செயலாளர் என்பதால் இது உங்களுக்குப் புதிதில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நேரில் போய், இருக்கிறவர்களின் பெயருக்கு எதிரில் குறியிடுங்கள். ஐம்பது பேரைப் பார்த்து முடிக்கும்போது உங்கள் தொகுதியின் உண்மையான கட்சி எவ்வளவு பெரியது என்பது விளங்கிவிடும்.

பார்க்கப் போகும்போது எப்படிப் பேசுவது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில் எங்கள் கிளையின் மூத்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, லோரி ஓட்டி, பிள்ளைகளைக் கரையேற்றியவர். மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒரு நாளில் ஒரு வேட்பாளர் ஆசைக்காரரை அவரிடம் அழைத்துப் போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பெரியவர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தார். அதில் அவர் கட்சியில் சேர்ந்த ஆண்டிலிருந்து வாங்கிய சந்தா ரசீதுகள், ரப்பர் வளையம் போட்டு, ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தன. "தம்பி, இத்தனை வருஷத்தில இந்த மாடிக்கு ஏறி வந்த மூணாவது ஆளு நீங்க. முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் லிஃப்ட் நல்லா இருந்தப்பகூட வரல" என்றார். வந்தவர் தயார் செய்து வைத்திருந்த பேச்சை மறந்துவிட்டு, மின்தூக்கி எத்தனை நாளாகப் பழுது, யாரிடம் புகார் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அன்று அவர் ஆதரவு கேட்கவே இல்லை. தொகுதிக் கூட்டத்தில் அவர் பெயரை முன்மொழிந்தது அந்தப் பெரியவர்தான்.

ஆகவே, முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும் என்பதில்லை. கேட்கும் நாளில் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "தொகுதியிலிருந்து பெயர்கள் போகும்போது என் பெயரும் போக வேண்டும் என்று விரும்புகிறேன், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் போதும். மறுக்கிறவர் மறுக்கட்டும். கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்குகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது சாமிக்கும் அவமரியாதை, உறுப்பினருக்கும் அவமரியாதை.

கோலாலம்பூர்க்காரர் என்பதால் உங்களுக்கு இரண்டு கூடுதல் சிரமங்கள் இருக்கின்றன. ஒன்று, இந்த நகரத்தில் ஏணியின் அடிப்படிகள் இல்லை. கூட்டரசுப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. மாநகர மன்றத்துக்குத் தேர்தலும் கிடையாது. இருப்பவை பதினொரு நாடாளுமன்ற இடங்கள் மட்டுமே. முதல் படியே கடைசிப் படியாக இருப்பதால் நெரிசல் அதிகம். மற்றொன்று, நாட்டில் உள்ள 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் கோயில் கூட்டத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் நீங்கள் சம்பாதித்த நல்ல பெயர் உண்மையிலேயே பெரிய மூலதனம்; ஆனால் பக்கத்து மாடியில் இருக்கும் மலாய்க்காரரும் சீனரும் உங்கள் பெயரைச் சொல்லாத வரை, மேலிடத்துக்கு நீங்கள் "இந்தியர் ஓட்டுக்கு உதவக்கூடியவர்" என்ற குறிப்போடுதான் போய்ச் சேருவீர்கள். உங்களைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலும் மலாயிலும் தயாராக வைத்திருங்கள். பட்டங்களை வரிசையாக அடுக்குவதைவிட, எந்த ஆண்டில் எந்தத் தெருவுக்கு எதைச் செய்தீர்கள் என்று அதில் எழுதுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன், அங்கே தொகுதி உறுப்பினர்களே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறான். உண்மையா? நமக்கு மட்டும் ஏன் அந்த முறை இல்லை? — ஓய்வு பெற்ற ஆசிரியர், பினாங்கு

பதில்: பெரும்பாலும் உண்மைதான். அங்கே தொழிற்கட்சியில், விண்ணப்பித்தவர்களிலிருந்து ஒரு குறும்பட்டியல் எடுக்கப்பட்டு, அவர்கள் உறுப்பினர்கள் கூடிய கூட்டத்தில் பேசிக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு வாக்கெடுப்பு நடக்கும். அதனால் வேட்பாளராக விரும்புகிறவர்கள் மாதக்கணக்கில் உறுப்பினர் வீடுகளுக்கு நடையாய் நடப்பார்கள். கதவைத் திறக்கிறவரிடம் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு, அவர் ஊற்றிக் கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே அரை மணி நேரம் அவருடைய குறையைக் கேட்பார்கள். கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைமையகம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் முதலில் இடம்பெற வேண்டும். அதற்குப் பிறகுதான் தொகுதிச் சங்கம்.

ஆனால் உங்கள் தங்கை மகன் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்: அங்கேயும் கடைசிப் பிடி மேலிடத்தின் கையில்தான் இருக்கிறது. 2024 பொதுத் தேர்தல் திடீரென்று அறிவிக்கப்பட்டபோது, வேட்பாளர் முடிவாகாமல் மீதமிருந்த இடங்களுக்குத் தொழிற்கட்சியின் தேசியச் செயலவையே ஆட்களை நியமித்தது. அந்தத் தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் வென்ற உமா குமரன், ஈழத்தமிழ்ப் பின்னணியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சென்ற முதல் நபர். 2015-இல் ஹாரோ ஈஸ்ட் தொகுதியில் நின்று தோற்றவர் அவர். அங்கே வைப்புத்தொகை 500 பவுன். வாக்குகளில் நூற்றுக்கு ஐந்தைப் பெற்றால் திரும்பக் கிடைத்துவிடும். நம் நாட்டில் நாடாளுமன்ற இடத்துக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்). எட்டில் ஒரு பங்கு வாக்கு பெறாவிட்டால் பறிபோகும். இதைத் தவிர, தட்டிகளையும் கொடிகளையும் அகற்றுவதற்கான வைப்புத்தொகை 5,000 வெள்ளி.

நமக்கு ஏன் அந்த முறை இல்லை என்பதற்கு, கூட்டணி அரசியல்தான் முதல் காரணம் என்பேன். இங்கே ஒரு தொகுதியை ஒரு கட்சிக்கு ஒதுக்குவதே கடைசி நேரப் பேரமாக இருக்கும்போது, அந்தத் தொகுதியின் உறுப்பினர்களை ஆறு மாதம் முன்னதாக வாக்களிக்கச் சொல்ல முடியாது. கட்சிக்குள் வாக்களிக்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் இல்லை. மக்கள் நீதிக் கட்சி 2010 முதல் தன் தலைவர்களை உறுப்பினர்களின் நேரடி வாக்கால் தேர்ந்தெடுக்கிறது. மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவும் தன் சட்டவிதிகளைத் திருத்தி, சில ஆயிரம் பேராளர்கள் மட்டும் வாக்களித்த நிலையை மாற்றி, 2013-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ள உறுப்பினர், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மட்டும் தகுதியற்றவர் ஆகிவிடுவது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பினாங்குக்காரரான உங்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். ஜார்ஜ்டவுனில் 1951-இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957-இல் அந்நகரத்தின் முதல் மேயரானவர் மலாயாத் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், அவர் பெயரில் அங்கே ஒரு சாலையும் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தோடு முற்றாக இல்லாமல் போயின. தெருவில் உள்ள சாக்கடையைச் சரிசெய்து காட்டி, அதே தெருக்காரர்களிடம் வாக்கு வாங்கி, அந்தக் கணக்கோடு கட்சியிடம் போய் நாடாளுமன்ற இடம் கேட்கும் வழி அதோடு அடைபட்டது. இன்று மன்ற உறுப்பினர் பதவியும் நியமனம்தான். அதற்கும் கட்சித் தலைமையின் தயவு வேண்டும்.

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் ஒரு கட்சியின் மகளிர் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். தொகுதிக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "இந்தத் தடவை அவருக்கு உதவி செய்யுங்கள் அக்கா, அடுத்த முறை உங்களுக்குத்தான்" என்றார்கள். சென்ற தேர்தலிலும் இதையேதான் சொன்னார்கள். என்ன செய்வது? — ஒரு வாசகி

பதில்: "அடுத்த முறை" என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பேச்சில் கொடுத்த வாக்குக்கு ஆயுள் ஒரு கூட்டம்; குறிப்பேட்டில் ஏறி, அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, உறுதிசெய்யப்பட்ட வாக்கை மறுப்பது கொஞ்சம் கடினம்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் பலகாரமும் தேநீரும் உங்கள் பிரிவின் பொறுப்பு என்றும், கூட்டம் நடக்கும்போது நீங்கள் பெரும்பாலும் மண்டபத்தின் பின்பக்கத்தில் இருப்பீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பெயர்கள் முன்மொழியப்படுவது அந்த நேரத்தில்தான், அம்மா. அடுத்த கூட்டத்துக்கு உணவை வெளியில் சொல்லி எடுத்துக்கொண்டு, உங்கள் பிரிவினர் எல்லோரும் முன்வரிசையில் உட்காருங்கள். உங்களை முன்மொழிய ஒருவரையும் வழிமொழிய ஒருவரையும் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். இரண்டில் ஒருவர் மகளிர் பிரிவைச் சேராதவராக இருந்தால் நல்லது. பினாங்கில் 13 நாடாளுமன்ற இடங்களோடு 40 சட்டமன்ற இடங்களும் இருக்கின்றன. எதற்கு உங்கள் பெயர் போக வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். "எங்கே கொடுத்தாலும் சரி" என்று அடக்கமாகச் சொல்கிறவருக்கு எங்கேயும் கொடுப்பதில்லை.

"பெண்ணை நிறுத்தினால் தோற்போம்" என்று யாராவது சொன்னால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள பத்து காவான் தொகுதியைக் காட்டுங்கள். அங்கே 2013-லும் 2018-லும் வென்றவர் கஸ்தூரி பட்டு. அவர் மறைந்த ஜ.செ.க. தலைவர்களில் ஒருவரான பி. பட்டுவின் மகள், அதனால்தான் இடம் கிடைத்தது என்று மறுபேச்சு வரலாம். தகப்பன் பெயரால் இடம் வாங்கிய ஆண்களின் பட்டியலை நீங்கள் தயாராக வைத்திருந்தால், அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கட்சிக்காரர்கள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே ஆதரவு திரட்டலாமா? — சிகாம்புட் வாசகர்

பதில்: கூடாது. அரசு ஊதியம் பெறும் பதவியில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியை இழக்கிறார் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு சொல்கிறது. 1993-ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் நன்னடத்தை விதிகள் அதற்கும் முன்னாலேயே உங்களைத் தடுக்கும். பட்டதாரி ஆசிரியர்கள் அடங்கும் நிபுணத்துவப் பிரிவினர் கட்சி அரசியலில் ஈடுபடவே அனுமதி இல்லை. உங்களை நிற்கச் சொல்கிறவர்கள் யாரும் உங்கள் ஓய்வூதியத்தைக் கட்டப் போவதில்லை என்பதால், வேட்பாளர் கடிதம் கைக்கு வருவதாக வாயால் சொன்னதை நம்பி வேலையை விடாதீர்கள். பொதுச்சேவையில் இல்லாத உங்கள் துணைவியாருக்கு அரசியல் ஆர்வம் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

கேள்வி: உறுப்பினர்களுக்கு விருந்து வைப்பது, பயணச் செலவு கொடுப்பது எல்லாம் தவறா? எல்லோரும்தானே செய்கிறார்கள்! — பிறை வாசகர்

பதில்: வாக்காளருக்கு வாக்குக்காக விருந்து வைப்பதும் பணம் கொடுப்பதும் 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின்படி குற்றம். கட்சி உறுப்பினர் அதே தொகுதியின் வாக்காளராகவும் இருப்பார் என்பதை மறந்துவிடாதீர்கள். 2018-இல் கேமரன் மலையில் தேசிய முன்னணி பெற்ற வெற்றியை, பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்ட காரணத்தால், அதே ஆண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மறு ஜனவரியில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. நாடாளுமன்ற வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 200,000 வெள்ளி. கட்சிக்குள் நடக்கும் வரவுசெலவு இந்தக் கணக்கில் வராது என்று சிலர் உங்களுக்குத் தைரியம் சொல்வார்கள். ஒரு கிளையின் சந்தாவை மொத்தமாக நீங்கள் கட்டிவிட்டால், அந்தக் கிளை அடுத்த ஆண்டும் உங்களைத்தான் பார்க்கும். நீங்கள் கட்டாவிட்டால் கட்டுகிறவரைப் பார்க்கும். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போய்ப் பதினாறாம் நாள் வரை கூட இருந்தவரை அப்படி விலைக்கு வாங்க முடிந்ததை நான் பார்த்ததில்லை.

கேள்வி: தொகுதியில் உள்ள கிளைகளில் பெரும்பாலானவை எனக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தன. இருந்தும் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. நீதிமன்றம் போகலாமா? அல்லது சுயேச்சையாக நிற்கலாமா? — கோலாலம்பூர் வாசகர்

பதில்: நீதிமன்றக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 18சி பிரிவு, கட்சியின் உள்விவகாரங்களில் கட்சி எடுக்கும் முடிவே இறுதியானது, அதை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்துக் கேட்க முடியாது என்று சொல்கிறது. ஆதரவுக் கடிதங்களைக் கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சட்ட மதிப்பு இல்லை.

சுயேச்சை என்றதும் எல்லோருக்கும் கோலாலம்பூரில் உள்ள 'பத்து' (Batu) என்ற தொகுதி நினைவுக்கு வருகிறது. 2018-இல் அங்கே மக்கள் நீதிக் கட்சியின் வேட்பாளர் தியான் சுவாவின் மனு, 2,000 வெள்ளி அபராதத்தைக் காரணம் காட்டி வேட்புமனு நாளில் நிராகரிக்கப்பட்டது. நிற்க ஆளில்லாமல் போன அந்தக் கட்சி, சுயேச்சையாக மனு செய்திருந்த 22 வயது மாணவர் பி. பிரபாகரனுக்குத் தன் ஆதரவைத் திருப்பியது. அவர் வென்று, நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். பலர் இதைச் சுயேச்சையின் வெற்றியாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது, ஒரே வாரத்தில் முகம் மாறிய வேட்பாளருக்காகத் தொகுதிக் கட்சிக்காரர்கள் சலிக்காமல் தெருவில் இறங்கியதன் வெற்றி. 2022-இல் அதே தொகுதியில் பத்துப் பேர் போட்டியிட்டார்கள். இடம் கிடைக்காத தியான் சுவா இம்முறை தாமே சுயேச்சையாக நின்றார். கட்சி அவரை நீக்கியது. கட்சி வேட்பாளராக நின்ற பிரபாகரன் வென்றார். அந்தப் பகுதியில் அவ்வளவு காலம் வேரூன்றியிருந்தவருக்கே அப்படி என்றால், நீங்கள் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

இன்னொன்றும் மாறிவிட்டது. வென்ற பிறகு பிரபாகரன் மக்கள் நீதிக் கட்சியில் சேர்ந்துகொண்டார். அப்போது அதற்குத் தடையில்லை. 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, சுயேச்சையாக வென்றவர் ஒரு கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தால் பதவியை இழப்பார். அதாவது, கோபத்தில் வெளியேறி, வென்று, திரும்பி வந்து மாலை போட்டுக்கொள்ளும் வழி இப்போது இல்லை. உங்கள் இடத்தைப் பெற்றவருக்கு மனம் ஒப்பி வேலை செய்ய முடியாவிட்டால், அந்தப் பதினான்கு நாட்களுக்குப் பக்கத்துத் தொகுதிக்குப் போய் வேலை செய்யுங்கள். அப்படிச் செய்து, அடுத்த தேர்தலில் அந்தப் பக்கத்துத் தொகுதிக்காரர்களாலேயே கேட்டு வாங்கப்பட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு 19 வயது, புக்கிட் ஜாலிலில் படிக்கிறேன். நானும் வேட்பாளராகலாமா? யார் என்னை முன்மொழிய வேண்டும்? — ஒரு மாணவி

பதில்: ஆகலாம், மகளே. 2019-இல் செய்யப்பட்ட அரசியலமைப்புச் சட்டத் திருத்தத்தின்படி வாக்களிக்கவும் வேட்பாளராகவும் 18 வயது போதும். நாடாளுமன்றத்துக்கு நிற்க, நாட்டில் வசிக்கும் குடிமகளாக இருந்தால் சரி. அந்தத் தொகுதியிலேயே குடியிருக்க வேண்டியதில்லை. சட்டமன்றம் என்றால் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும்.

முன்மொழிகிறவரும் வழிமொழிகிறவரும் மட்டும் அதே தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளர்களாக இருந்தாக வேண்டும். கட்சியின் உள்ளூர் உறுப்பினர் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பது இங்கேதான் காகிதத்திலேயே தெரிகிறது. தலைநகரிலிருந்து எவ்வளவு பெரிய தலைவர் வந்தாலும், அந்த ஊர் வாக்காளர் இருவரின் கையெழுத்து இல்லாமல் மனு நகராது. பெயரும் அடையாள அட்டை எண்ணும் வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒரு வாரத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள். சத்தியப்பிரமாணப் படிவத்தையும் முதல் நாளே முடித்துவிடு. வேட்புமனு நாளில் காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை மட்டுமே மனுவை வாங்குவார்கள். நான் உடன் சென்ற ஒரு தேர்தலில், வழிமொழிய வேண்டியவர் ஊர்வலத்தில் மேளக்காரர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார். அதனால் அந்த இருவரையும் ஊர்வலத்தில் விடாதே. காலை ஏழு மணிக்கே பசியாறச் செய்து, உன்னோடு ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போ.